நன்மையை அறிதல்: நோய்க் காலத்தில் நமக்கென்று சில நிமிடங்கள்

டயாலிசிஸ் சிகிச்சை பொதுவாக ஒரு முறைக்கு ஏறத்தாழ 4 மணி நேரம் நடைபெறுகிறது. வாரத்துக்கு 3 முறை என்றால் 12 மணி நேரம். ஓராண்டுக்குக் கணக்கிட்டால் முழுதாக 26 நாள்கள். கீமோதெரபி மருந்து சொட்டுச் சொட்டாக ஏறும் பகல்கள், ஸ்கேன் அறையின் வெளியே பெயர் அழைக்கப்படும்வரை கழியும் முற்பகல்கள், தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவைப் பார்த்தபடி உறவினர் அமர்ந்திருக்கும் இரவுகள் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால், நோய் ஒரு குடும்பத்திடமிருந்து எடுத்துக்கொள்ளும் நேரம் எவ்வளவு என்பது புலப்படும். வெளியில் இருந்தபோது நேரம் போதவில்லை என்று குறைபட்டவர்களே இங்கு வந்தபின் நேரம் நகரவில்லை என்கிறார்கள்.

இவ்வளவு நேரம் கிடைத்தும் மனம் ஒன்றில் குவிவதில்லை. வலி ஒரு புறம், செலவுக் கணக்கு ஒரு புறம், அடுத்த பரிசோதனை முடிவைப் பற்றிய அச்சம் ஒரு புறம். இதற்கிடையில், பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே அறிவுரையைச் சொல்லிச் செல்கிறார்கள்: இறைவனுக்கு நன்றி சொல்லுங்கள், எல்லாம் நல்லதற்கே என்று எண்ணுங்கள். அவர்கள் போனபின் நோயாளி எங்களிடம் கேட்கும் வினா வார்டுக்கு வார்டு சொல் மாறினாலும் பொருள் மாறுவதில்லை. "இந்த நிலையில் நான் எதற்கு நன்றி சொல்ல வேண்டும்?"

நேர்மையான வினா. ஆறுதல் மொழி சொல்லி இதைக் கடந்துபோக நாங்கள் விரும்பவில்லை.

விடை தேட நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் மொழியே ஒரு வழி காட்டுகிறது. திருக்குறளின் 11ஆம் அதிகாரத்துக்குச் செய்ந்நன்றியறிதல் என்று பெயர். பழந்தமிழில் நன்றி என்ற சொல்லுக்கு நன்மை என்பதே பொருள். ஆகவே அத்தலைப்பின் பொருள், ஒருவர் செய்த நன்மையை அறிதல் என்பது. அங்கே மகிழ்தல் என்றோ மனம் நெகிழ்தல் என்றோ சொல்லப்படவில்லை. அறிதல் என்றே சொல்லப்பட்டிருக்கிறது. அறுவை சிகிச்சை முடிந்த இரண்டாம் நாளில் வயிற்றுத் தையல் இழுக்கும்போது ஒருவரை மகிழச் சொல்வது பொருந்தாது. ஆனால் நள்ளிரவு 2 மணிக்கு மணியை அழுத்தியபோது யார் வந்தார், வந்து என்ன செய்தார் என்பதை அறிந்துகொள்ள அவரால் இயலும். உணர்ச்சி நம் கட்டுப்பாட்டில் இல்லை. கவனத்தை மட்டும் சிறிது நேரமேனும் நாம் விரும்பிய இடத்துக்குத் திருப்ப முடிகிறது. நன்றியுணர்வு என்று இன்று நாம் வழங்கும் சொல், உணர்வைக் கட்டாயமாக்கி, அறிதலைப் பின்னுக்குத் தள்ளிவிட்டதோ என்று எங்களுக்கு ஓர் ஐயம் உண்டு.

நோய்ப்படுக்கையும் உள்நோக்கும் எவ்வாறு சேர்ந்து வாழ முடியும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு மருத்துவரின் வாழ்க்கை சான்றாக இருக்கிறது. மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஜி. வெங்கடசாமி 1918இல் வடமலாபுரம் என்னும் சிற்றூரில் பிறந்தார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944இல் பட்டம் பெற்று, ராணுவ மருத்துவப் பணியில் சேர்ந்தார். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பது அவர் விருப்பம். அவருடைய உறவுப் பெண்கள் சிலர் பிள்ளைப்பேற்றின்போது இறந்ததைச் சிறுவயதில் கண்டவர் அவர். ஆனால் முப்பது வயதளவில் கடுமையான முடக்குவாதம் அவரைத் தாக்கியது. மூட்டுகள் வீங்கின, விரல்கள் கோணின. நிற்கவும் நடக்கவும் இயலாமல் ஓராண்டுக்கும் மேலாகப் படுக்கையில் கிடந்தார். பேனாவைப் பிடிப்பதே அரிதாயிற்று. மகப்பேறு மருத்துவம் என்னும் கனவு அத்துடன் முடிந்தது.

எழுந்து நடமாடத் தொடங்கியபின் அவர் கண் மருத்துவத்தைத் தேர்ந்துகொண்டார். கோணிய விரல்களுக்கு ஏற்ற கருவிகளை வடிவமைத்துக்கொண்டு, கத்தியைப் பிடிப்பதிலிருந்து எல்லாவற்றையும் புதிதாகப் பழகினார். பின்னாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகளை அந்த விரல்களே செய்தன. 1976இல், 58ஆம் வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும், 11 படுக்கைகளோடு அவர் தொடங்கிய சிறு மருத்துவமனை இன்று உலகம் அறிந்த நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. 2006இல் அவர் மறையும்வரை விரல்கள் நேராகவே இல்லை.

இவ்வரலாற்றைப் பலர் உழைப்பின் கதையாகச் சொல்வார்கள். அது உண்மைதான். நாங்கள் இங்குக் குறிப்பிட விரும்புவது அதிகம் பேசப்படாத மற்றொரு பகுதியை. அவர் புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தரின் நெறியில் ஈடுபாடு கொண்டவர். மருத்துவமனையின் பெயரும் அதனால் அமைந்ததே. நாள்தோறும் தியானத்துக்கும் வாசிப்புக்கும் நேரம் ஒதுக்கினார். அதோடு, குறிப்பேடுகளில் எழுதிவந்தார். அவர் மறைவுக்குப் பின் வெளிவந்த ஒரு நூலில் அவற்றின் பகுதிகள் இடம்பெற்றுள்ளன. அன்றைய சாதனைகளின் பட்டியலை அங்குத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். தம்மைத் தாமே வினவிக்கொண்ட வினாக்களே அவற்றில் மிகுதி: இந்தப் பணியை இன்னும் எப்படி நன்றாகச் செய்வது, தம்மிடம் உள்ள எந்தக் குறை அதற்குத் தடையாக நிற்கிறது என்பன போன்றவை. காலையில் அறுவை அரங்கு காத்திருக்கும், நோயாளிகள் வரிசையில் நிற்பார்கள், விரல் மூட்டுகளில் வலி இருக்கும். ஓய்வு கிடைத்தபின் சிந்திக்கலாம் என்று அவர் ஒத்திவைத்திருந்தால், அந்தக் குறிப்பேடுகள் வெற்றுத் தாள்களாகவே இருந்திருக்கும்.

அவரைப் போல மருத்துவமனை கட்ட வேண்டும் என்று எவரும் நம்மிடம் எதிர்பார்க்கவில்லை. குறிப்பேடும் பத்து நிமிடங்களும் எவருக்கும் எட்டுவனவே.

நன்மைகளை எழுதிவைப்பதால் பயன் உண்டா என்பதை ஆராய்ந்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர்களான ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லா இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது. அதன் ஒரு பகுதியில் பங்கேற்றவர்கள் நரம்புத் தசை நோய் உள்ளவர்கள். 21 நாள்கள், நாள்தோறும், தாம் நன்றி பாராட்டத்தக்கவற்றை ஒரு குழுவினர் எழுதினர். எழுதாத குழுவினரோடு ஒப்பிட்டபோது, எழுதியவர்கள் கூடுதலான மனநிறைவையும் மேம்பட்ட உறக்கத்தையும் தெரிவித்தனர். அவர்களுடைய வாழ்க்கைத் துணைவர்களும் அந்த மாற்றத்தைக் கவனித்தனர். நோய் குணமானதாக அந்த ஆய்வு சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். நன்றிப் பட்டியல் எழுதினால் சர்க்கரை இறங்கும், கட்டி கரையும் என்று கைப்பேசியில் வரும் செய்திகளை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்களின் நிலை எங்களுக்குத் தெரியும். உறக்கம் சிறிது மேம்படுவதே நோயாளிக்குப் பெரிய வரவு. அதற்கு மேல் வாக்களிக்க எங்களுக்கு மனமில்லை.

எப்போது செய்வது என்பதே அடுத்த கேள்வி. வார்டில் தனிமையும் அமைதியும் எதிர்பார்க்க முடியாது. ஆனால் வார்டுக்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. விடியலில் செவிலியர் காய்ச்சலும் ரத்த அழுத்தமும் பார்ப்பார். பின்பு மருத்துவர்களின் ரவுண்ட்ஸ். இரவு உணவுக்குப் பின் மாத்திரை. நடந்தே தீரும் இவற்றுள் ஒன்றோடு உங்கள் சில நிமிடங்களை இணைத்துவிடுங்கள். இரவு மாத்திரையை விழுங்கியதும் ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால், அதை நினைவுபடுத்த வேறு எவரும் வேண்டியதில்லை, மாத்திரையே நினைவுபடுத்தும். வீடு திரும்பியபின்னும் மாத்திரை தொடர்வதால் பழக்கமும் தொடரும். டயாலிசிஸ் எடுப்பவர்கள் இயந்திரம் ஓடத் தொடங்கிய முதல் பத்து நிமிடத்தை இதற்கென்று வைத்துக்கொள்ளலாம். தொலைக்காட்சி அதன்பின் மூன்றேமுக்கால் மணி நேரம் காத்துக்கொண்டிருக்கும்.

அந்த நிமிடங்களில் அன்றைய நாளைக் காலையிலிருந்து ஒரு முறை மெல்ல நடந்து பார்ப்பதே போதுமானது. நமக்கு யார் என்ன நன்மை செய்தார்கள், எந்த வேளையில் மனம் சற்று இலேசாக இருந்தது, எந்த வேளையில் யார்மீது எரிந்து விழுந்தோம், நாளைக்கு எதை வேறு விதமாகச் செய்யலாம். இத்தகைய நாள்நோக்கைப் பல சமயங்கள் தத்தம் முறையில் வகுத்துள்ளன. கிறிஸ்தவ மரபில் இதை ஒரு பயிற்சியாக வகுத்த இஞ்ஞாசியாரும் ஒரு நோயாளியாக இருந்தவர்தாம். 1521இல் பாம்பிளோனா நகரப் போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து, மாதக்கணக்கில் படுத்திருந்த வீரர் அவர். எந்த எண்ணத்துக்குப் பின் மனம் வறண்டுபோகிறது, எதற்குப் பின் அமைதி தங்குகிறது என்பதை அந்தப் படுக்கையில்தான் கவனிக்கத் தொடங்கினார். பின்னாளில் அவர் எழுதிவைத்த நாள்நோக்குப் பயிற்சி நன்றி செலுத்துவதில் தொடங்குகிறது. குறைகளை எண்ணுவது அதற்குப் பின்னரே வருகிறது. முறை எந்தச் சமயத்தினுடையதாயினும் இந்த வரிசை நோயாளிக்குப் பொருத்தமானது என்பது எங்கள் கருத்து. களைத்த மனம் குறையில் தொடங்கினால் அங்கேயே தங்கிவிடும்.

நன்மையை எண்ணும்போது பெயரும் செயலும் துலக்கமாக இருக்கட்டும். எல்லாருக்கும் நன்றி என்று பொதுவாக நினைப்பது மனத்தில் ஒட்டுவதில்லை. தரையைத் துடைத்த பெண், கட்டிலடியில் கிடந்த செருப்பு நனையாமல் எடுத்து ஓரமாக வைத்தார். பக்கத்துக் கட்டில்காரர் தம் பிளாஸ்கிலிருந்து வெந்நீர் கொடுத்தார். ரத்தம் எடுக்க வந்தவர் முதல் முயற்சியிலேயே நரம்பைக் கண்டுபிடித்தார். இவ்வளவு சிறியனவாக இருந்தால்தான் அவை உண்மையாக இருக்கும். கையில் ஊசி குத்தியிருப்பதால் எழுத முடியாதவர்கள் உடனிருப்பவரிடம் சொல்லி எழுதச் செய்யலாம். அதுவும் இயலாதபோது விரல் கணுக்கள் இருக்கின்றன. நம் பாட்டிமார் நாமஜபத்தை எண்ணியதும், இஸ்லாமியப் பெரியவர்கள் திக்ரு எண்ணுவதும் விரல் கணுக்களில்தானே.

இரவு 2 மணியிலிருந்து 4 மணிவரை உள்ள நேரத்தைத் தனியே குறிப்பிட வேண்டும். உறக்கம் கலைந்து, விளக்குகள் மங்கி, மானிட்டரின் ஒலி மட்டும் கேட்கும் அந்நேரத்தில் எதையும் படிக்க முடியாது, எவரையும் எழுப்ப மனம் வராது. அப்போது துணைக்கு வருவது மனப்பாடமாக உள்ளது மட்டுமே. இளமையில் பள்ளியிலோ, கோயிலிலோ, மதரசாவிலோ, ஞாயிறு வகுப்பிலோ கற்ற தேவாரம், சூரா, சங்கீதம் என எதுவாக இருந்தாலும் சரி. பொருள் முழுதும் விளங்காமல் அன்று ஒப்பித்தது, அறுபது ஆண்டுகளுக்குப் பின் அந்த இருட்டில் திரும்பி வருகிறது. முழுதும் நினைவில் இல்லாதவர்கள் பகலில் ஒரு சிறு பகுதியை மட்டும் மீண்டும் கற்றுக்கொள்ளலாம். நோய்க் காலத்தில் புதிய பெரிய நூல்களைத் தொடங்குவதைவிட, முன்பே தம்முடையதாக உள்ள ஒன்றுக்குத் திரும்புவதே நல்லது. சமய நம்பிக்கை இல்லாதவர்களும் ஒரு பழைய பாடலையோ, தந்தை அடிக்கடி சொன்ன ஒரு சொல்லையோ அவ்வாறு வைத்துக்கொள்வதை நாங்கள் பார்த்திருக்கிறோம். விடியற்காலையில் பூப்படத்தோடு வந்து குவியும் வாட்ஸ்அப் பொன்மொழிகளை இக்கணக்கில் சேர்க்க எங்களால் முடியவில்லை.

வழிபாடு குறித்துச் சில நடைமுறைச் செய்திகளையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஆக்சிஜன் செலுத்தப்படும் இடத்தில் விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி எதையும் ஏற்றலாகாது. ஆக்சிஜன் மிகுந்த காற்றில் சிறு பொறியும் பெருந்தீயாகிவிடும். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் வெறும் வயிற்றோடு இருக்கச் சொன்னால், அது தீர்த்தத்துக்கும் பிரசாதத்துக்கும் சேர்த்தே சொன்னது. நெற்றியில் இடுவதற்குத் தடையில்லை. வாயில் இடுவதற்கு முன் செவிலியரிடம் கேளுங்கள். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் விரதமோ நோன்போ இருப்பதற்கு முன் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். மருந்தளவையும் நேரத்தையும் மாற்ற வேண்டியிருக்கும், சிலருக்கு அவ்வாண்டு விரதத்தையே தவிர்க்க வேண்டியிருக்கும். அறுவை அரங்குக்குச் செல்லுமுன் தாலி, தாயத்து, கையிற்றுக் கயிறு, ஜெபமாலை போன்றவற்றைக் கழற்றுவது மனத்துக்கு வருத்தமாக இருந்தால், அதை முன்கூட்டியே சொல்லுங்கள். எது முடியும், எது முடியாது என்று பேசிக்கொள்ள அப்போது நேரம் இருக்கும். பாடல் கேட்பவர்கள் இயர்போன் வைத்துக் கேளுங்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு உறக்கமே அன்றைய அருளாக இருக்கக்கூடும்.

இனி, பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நோயாளியிடம் நன்றியைக் கேட்டு வாங்காதீர்கள். உங்களைவிட மோசமான நிலையில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்ற ஒப்பீடும், இது முன்வினைப் பயன் என்ற தீர்ப்பும் எவரையும் தேற்றியதில்லை. வலியோடு குற்றவுணர்வையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போவதாகவே அது முடிகிறது. கோபத்துக்கும் முறையீட்டுக்கும் இறைவன் முன் இடமில்லை என்று எண்ணவும் வேண்டாம். பார்வை இழந்த சுந்தரர் தம் இறைவனைத் தோழமை உரிமையோடு கடிந்தே பாடினார். விவிலியத்தில் யோபு தாம் பிறந்த நாளையே சபித்தார். அந்தச் சொற்களை நீக்கிவிடாமல் மரபுகள் காத்து நம் கையில் தந்திருக்கின்றன. நன்மை எதுவும் கண்ணில் படாத நாளில், இன்று எதுவும் இல்லை என்று எழுதுவதும் உண்மையான குறிப்பே.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எதிலும் பிடிப்பின்மை, காரணமற்ற அழுகை, வாழ்ந்து பயனில்லை என்ற எண்ணம் போன்றவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். நம்பிக்கைக் குறைவு என்று அதற்குப் பெயரிட்டு, இன்னும் தீவிரமாக வழிபடச் சொல்வது தவறு. காய்ச்சலைப் போலவே அதற்கும் சிகிச்சை உண்டு. உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். அருகிலிருக்கும் செவிலியரிடம் அப்போதே சொல்லுங்கள். வீட்டிலிருந்தால் இந்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416ஐ எந்நேரமும் அழைக்கலாம்.

குடும்பத்தினருக்கு வருவோம். திருக்குறளின் மருந்து என்னும் 95ஆம் அதிகாரம், மருத்துவத்தை நான்கு பகுதிகளாக வகுத்துச் சொல்லி முடிகிறது: நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிலிருந்து பணிவிடை செய்பவர். நான்காமவரை மருத்துவத்தின் ஓர் அங்கமாகவே அந்நூல் எண்ணியிருக்கிறது. நம் நடைமுறையில் அவர் தரையில் விரித்த பாயில் உறங்குகிறார், நோயாளி மிச்சம் வைத்த இட்லியை உண்கிறார், தம் சொந்த ரத்த அழுத்த மாத்திரையை மறந்துவிடுகிறார். சிந்தனைக்கு நேரம் ஒதுக்குங்கள் என்று அவரிடம் சொல்வது எளிது; அந்த நேரத்தை யாராவது அவருக்குத் தந்தாக வேண்டும். மாலையில் பார்க்க வரும் உறவினர்களே, ஆப்பிள் பைக்குப் பதிலாக அரை மணி நேரத்தைக் கொண்டுவாருங்கள். கட்டிலருகே நீங்கள் அமர்ந்துகொண்டு, உடனிருப்பவரைக் கீழே மரத்தடிக்கோ அருகிலுள்ள கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ தேவாலயத்துக்கோ அனுப்பிவையுங்கள். அவர் வெறுமனே அமர்ந்திருந்துவிட்டு வந்தாலும் அந்த அரை மணி வீண்போனதாகாது.

நம் வீடுகளில் மனைவிக்கோ, தாய்க்கோ, மகனுக்கோ நன்றி என்ற சொல்லை எவரும் சொல்வதில்லை. சொன்னால், என்ன, அந்நியரிடம் பேசுவது போலப் பேசுகிறீர்கள் என்ற பதில்தான் வரும். அந்தச் சொல் நமக்குத் தேவையும் இல்லை. செய்ததைப் பெயரிட்டுச் சொன்னாலே அறிந்தோம் என்பது தெரிந்துவிடும். "நேற்று ராத்திரி நீ கண்ணே மூடலை, நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்று ஒரு கணவர் மனைவியிடம் சொன்னால், அதில் எல்லாம் அடங்கிவிடுகிறது. மாத்திரைக்குப் பின் வரும் ஐந்து நிமிடத்தில் கண்டறிந்த ஒன்றை, அதே இரவில், உரியவரிடம் இப்படிச் சொல்லிவிடுவது நலம்.

வீடு திரும்பும் நாளில் வார்டுக்கு இனிப்புப் பெட்டி கொடுத்துச் செல்லும் அன்பான வழக்கம் பலரிடம் உள்ளது. அப்பெட்டி பெரும்பாலும் பகல் பணியில் இருப்பவர்களிடமே தீர்ந்துவிடுகிறது என்பதைச் சற்றுத் தயக்கத்தோடு தெரிவிக்கிறோம். நள்ளிரவில் வந்தவர், ஸ்ட்ரெச்சரைத் தள்ளியவர், விரிப்புகளை வெளுத்தவர் ஆகியோர் அப்போது அங்கே இருப்பதில்லை. அவர்களுடைய பெயர் உங்கள் குறிப்பேட்டில் இருந்தால், ஒரு துண்டுத் தாளில் இரண்டு வரி எழுதி வார்டு பொறுப்புச் செவிலியரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். உரியவர் பணிக்கு வரும் நேரத்தில் அது அவரிடம் சேர்க்கப்படும்.